ஏழு தலை, ஏழு நிறம்

எங்கள் வீட்டில் சினிமா பார்ப்பது பாவம். சினிமாக் கதை கேட்பது பாவமில்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. வேதாகமத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். செம்பாக்கத்தில் எங்களைப் போல இருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே சட்டம்தான். கொட்டகை வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்துவிட்டு வந்தவர்கள் கதை சொன்னால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை.

அப்பா தாம்பரத்தில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சபைக் கமிட்டியிலும் இருந்தார். அதனால் எங்களுக்குச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகவே கடுமை. ரயில்வே கேட் சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டரைத் தாண்டும்போதுகூட அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் சைக்கிள் மிதிப்பார்.

எங்களுக்காகப் படம் பார்த்துச் சொன்னவள் பின்தெரு அக்கா. அவள் வீட்டார் அந்த ஊரின் பழைய குடி. ஏரியை ஒட்டி நிலமும், வீட்டில் நாலு மாடும் இருந்தன. தினமும் மதியம் இரண்டு மணிக்கு, மாட்டுக்குக் கழுநீர் எடுக்க எங்கள் பின்வாசலுக்கு வருவாள். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாவற்றையும் அம்மா ஒரு பானையில் சேர்த்து வைத்திருப்பாள். மற்ற நாட்களில் அக்கா அதைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு போய்விடுவாள். திங்கட்கிழமை மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்காருவாள். சனி ஞாயிறில் எப்படியும் ஒரு படம் பார்த்திருப்பாள். அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவாள். கதை முடிவதற்கும் கல் பொறுக்கி முடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

அக்கா சொல்வதெல்லாம் கதைதான். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை ஏமாற்றினார்கள், எந்தக் கடிதம் யார் கையில் மாட்டியது என்று ஒன்று விடமாட்டாள். பாட்டு வந்தால் "இங்க ஒரு பாட்டு" என்பாள். சண்டை வந்தால் "அட்சிகினானுங்க" என்பாள். அவ்வளவுதான், அடுத்த காட்சிக்குப் போய்விடுவாள். கதாநாயகி எப்படி இருந்தாள், என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வராது. பதினெட்டு வயதுக்குள் நான் நூறு படமாவது கேட்டிருப்பேன். ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அதனால் கதாநாயகர்களுக்கு எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடிய ஒரு அண்ணாவின் முகத்தைக் கொடுத்திருந்தேன். வில்லன்களுக்கெல்லாம் காணிக்கைப் பை நீட்டும் பெரியவரின் முகம்.

அப்பா பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் அது. ஆனால் அவருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. ஒரு மே மாதம், லீவில் வீட்டில் இருந்தபோது முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கதையின் பாதியில் மாடு அவிழ்த்துக்கொண்டது என்று யாரோ கூப்பிட, எழுந்து ஓடிவிட்டாள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா, குழம்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தொலைஞ்சு போன தம்பி கிடைச்சானா?" என்று கேட்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்குத்தான் தெரியும்" என்றாள்.

அம்மாவுக்கு வாரத்தில் இருந்த ஒரே சந்தோஷம் அந்தத் திங்கட்கிழமை மதியம்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அவளுக்கு எங்கும் போக்குவரத்து கிடையாது. சபை, வீடு, மறுபடியும் சபை. கதை கேட்கும்போது மட்டும் அவள் வேறு ஆளாக இருப்பாள். "பாவி!" என்று வில்லனைத் திட்டுவாள். அழ வேண்டிய இடத்தில் முந்தானையை எடுத்துக்கொள்வாள்.

அறுபதுகளின் பிற்பாதியில்தான் அந்த மாயாஜாலப் படம் தாம்பரத்துக்கு வந்தது. முழுக்க முழுக்கக் கலர். ரயில்வே கேட் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏழு தலைப் பாம்பு ஒன்று வாயைப் பிளந்து நின்றது. அதன் கழுத்தில் ஏறி ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டிருந்தான். மேலே இறக்கை வைத்த குதிரை. நான் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போக வேண்டும். அப்பாவைப் போல எதிர்ப்பக்கம் பார்க்க என்னால் முடியவில்லை.

நாலு நாள் அக்காவை நச்சரித்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போ, ஒரே ஒரு முறை, இந்தப் படம் மட்டும் என்று கெஞ்சினேன்.

"வேணாம் பாப்பா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும். நான் வந்து சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள்.

"நீங்க சொன்னா நிறம் தெரியாதே அக்கா."

"நெறத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

கடைசியில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எங்கள் வீட்டில் சத்தியம் செய்வதும் பாவம்தான். அழுதும் காட்டினேன். அக்காவுக்கு அழுகை தாங்காது. சனிக்கிழமை மேட்டினிக்கு வரச் சொன்னாள். டைப்ரைட்டிங்கில் ஸ்பீடு டெஸ்ட் இருக்கிறது, வர நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது? விளக்கை அணைத்ததும் பயத்தில் அக்கா கையைப் பிடித்தவள் இடைவேளையில்தான் விட்டேன். முதன்முதலாக ஒரு சினிமா முகத்தைப் பார்க்கிறேன். அது பாடகர் குழு அண்ணாவின் முகமே இல்லை. குதிரை இறக்கையை விரித்தபோது நான் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தேன். கண்ணாடி மாளிகை நொறுங்கி விழுந்தது. ஆகாயத்திலிருந்து ஒரு கை மட்டும் இறங்கி ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு தரைக்கடியில் இருந்த குளம் கொதித்து, அதிலிருந்து அந்தப் பாம்பு எழுந்தது. ஏழு தலைக்கும் ஏழு நிறம். ஓரத்துத் தலை சிவப்பு, அடுத்தது மஞ்சள். நடுத்தலை மயில் கழுத்து நிறம். கதாநாயகன் ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, அந்தந்தத் தலையின் நிறம் தண்ணீரில் கரைந்து பரவியது. கடைசியில் குளம் முழுவதும் மயில் கழுத்து. நான் எழுந்தே நின்றுவிட்டேன். பின்னால் இருந்த பெண்கள் கத்தினார்கள்.

கதை? கதையும் ஏதோ இருந்தது. கதாநாயகனுக்கு ஒரு தங்கை. முதல் ரீலில் அவளைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டுவிட்டு, "இதோ வருகிறேன்" என்று போனான். போனவன் போனவன்தான். அப்புறம் படத்தில் ஒருவருக்கும் அவள் ஞாபகம் இல்லை. மந்திரவாதி ஒரு தடவை செத்து, காரணம் சொல்லாமல் திரும்பி வந்து, இன்னொரு தடவை செத்தான். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அக்காவுக்குத்தான் ஏமாற்றம். வெளியே வரும்போது, "இன்னா படம் இது, ஒண்ணியும் இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை அம்மா முறம் நிறைய அரிசியோடு உட்கார்ந்தாள். அக்கா குடத்தை இறக்கினாள்.

"கதைன்னு ஒண்ணும் இல்லம்மா. ராசா பொண்ண மந்திரவாதி தூக்கினு பூட்டான். இவன் போய் இட்டுனு வந்துட்டான். நடுவுல ஒரு பாம்பு வருது. அவ்ளோதான்."

அம்மா நம்பவில்லை. "அவ்வளவுதானா? சரியா யோசிச்சுச் சொல்லு."

"அவ்ளோதாம்மா. யோசிக்கறதுக்கு அதுல இன்னா கீது?" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா முக்கால் முறம் அரிசியையும் கதையில்லாமல் பொறுக்கினாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "இந்த வாரப் படத்துல கதையே இல்லையாம். யாரு எடுக்கிறாங்களோ!"

எனக்குப் பொறுக்கவில்லை. அது என் படம். நான் பார்த்த ஒரே படம். "கதை இல்லாட்டி என்னம்மா? பாம்புக்கு ஏழு தலை, ஏழும் ஏழு நிறம். ஓரத்துல சிவப்பு, நடுவுல மயில் கழுத்து. வெட்டினா ரத்தம் வராது, நிறம் வரும். தண்ணியில அப்படியே கரைஞ்சு..." என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"இதெல்லாம் அந்தப் பின்தெரு அம்மா சொன்னதா?"

"ஆமாம்பா."

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "அவ நிறம் சொன்னாளா?"

அம்மா பொய் சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். கொஞ்ச நேரம் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "இல்லை" என்றாள்.

"கேட்டவங்களுக்குக் கதைதான் தெரியும். இதுல கதையே இல்லைங்கிறீங்க. அப்போ இவளுக்கு இது எப்படித் தெரியும்?" கரும்பலகையில் கணக்குப் போடுகிற அதே குரல். "யாரு கூட்டிட்டுப் போனது?"

எனக்கு இரண்டு வாரத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை. அதை எழுதினால் வேலைக்குப் போகலாம். நானாகக் கெஞ்சிப் போனேன் என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து இன்ஸ்டிட்யூட் கிடையாது. இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"அக்கா" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "நான் வரலைன்னுதான் சொன்னேன். அவங்கதான் வா வான்னு கூப்பிட்டாங்க."

மறுநாள் அப்பா பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணிக்குப் பின்வாசலில் நின்றார். அக்கா குடத்தோடு வந்தாள். அப்பா சத்தம் போடவில்லை. "வயசுப் பொண்ணை வீட்டுக்குத் தெரியாம நீ வற்புறுத்திக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கே. இனிமே இந்தப் பக்கம் வராதே. கழுநீர் வேற எங்கேயாவது எடுத்துக்கோ" என்றார்.

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். 'உங்க பொண்ணுதான் சார் நாலு நாளா அழுதுது' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரிங்க சார்" என்றாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அம்மா கழுநீரை வாழைக்கு ஊற்ற ஆரம்பித்தாள். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு முறத்தோடு உட்காருவதை மட்டும் விடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலைந்து வாரம் கழித்து, அப்பாவுக்கு மே மாத லீவு விட்டிருந்தபோது ஒருநாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பாம்புப் படத்தைச் சொல்லு. நீதான் பார்த்தியே" என்றாள்.

சொன்னேன். எனக்கு நிறம்தான் சொல்லத் தெரிந்தது. அம்மாவுக்கு வேண்டியது கதை. "அந்தத் தங்கச்சி என்ன ஆனா?" என்றாள். தெரியாது என்றேன். "திருவிழாவுல நிக்க வெச்சிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லையா? அவ எவ்வளவு நேரம் நின்னாளோ." அடுத்த திங்கட்கிழமையும் அதே படம், அதே கேள்வி. என்னிடம் வேறு படம் இல்லை. ஒருமுறை, தங்கைக்கு ஒரு கதை கட்டிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா இரண்டு வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "இது நீ போடுறது" என்றாள்.

பரீட்சையில் தேறினேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்குப் போனேன். என் கணவருக்குச் சினிமா பாவமில்லை. ஆனாலும் கொட்டகையில் விளக்கு அணையும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலிக் குடம்தான் ஞாபகம் வரும். சில சமயம் செம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்ப்பேன். "நல்லா கீறியா பாப்பா? அம்மா எப்டி கீறாங்க?" என்று அவளே கேட்பாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் பத்து வருஷத்துக்கு மேல் செய்யவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அக்கா வீட்டார் ஏரிப் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதியை வீட்டுமனையாக விற்று, கூடத்தில் டிவி வாங்கி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே அங்கே படம் பார்க்கக் கூடும். எங்கள் அம்மா அப்பா மட்டும் போவதில்லை. ஒரு ஞாயிறு நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பாம்புப் படம் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா உள்ளே போய் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். அப்பா ஓய்வு பெற்று நாலு வருஷமாகியிருந்தது. பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கொட்டகை வாசலைத்தானே மிதிக்கக் கூடாதுன்னீங்க? அது வீடுதானே" என்றாள் அம்மா.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

"வாங்க வாத்தியாரம்மா" என்று அக்கா அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். நேற்றுத்தான் கழுநீர் எடுக்க வந்துபோன மாதிரி முகம். எனக்கு ஒரு மணை போட்டாள். படம் ஓடியது. அம்மா வாழ்க்கையில் பார்த்த முதல் சினிமா அது.

கறுப்பு வெள்ளைப் பெட்டி. இறக்கைக் குதிரை ஒரு சாம்பல் குதிரையாக ஒரு சாண் உயரத்தில் பறந்தது. கண்ணாடி மாளிகை நொறுங்கியது ஏதோ பாத்திரம் விழுந்தது போல இருந்தது. நடுவில் செய்தி வேறு. நிறம் போன பிறகு மிச்சமிருந்தது கதை மட்டும்தான். அது எவ்வளவு மட்டமானது என்று அன்றுதான் பார்த்தேன். இதற்காகவா என்று எனக்கு அழுகை வந்தது. பாம்பு எழுந்தது. ஏழு தலையும் ஒரே சாம்பல். அம்மா முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுல எது மயில் கழுத்து?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல கீது பாருங்க, அந்தத் தலை" என்று பின்னாலிருந்து அக்கா சொன்னாள். "இந்தக் கோடியில கீறது செவப்பு. அதுக்குப் பக்கத்துல மஞ்ச. இப்ப வெட்டுவான் பாருங்க, தண்ணி மஞ்சளாய்டும். ஆச்சா? இப்ப பச்ச." ஏழு தலையையும் வரிசை தப்பாமல் சொன்னாள். நிறமே சொல்லத் தெரியாதவள் என்று நாங்கள் நினைத்திருந்த அக்கா.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா குழம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தங்கச்சி கிடைச்சாளா?"

நான் அம்மாவுக்குச் சொன்னதையெல்லாம் அவரும் முன்னறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இல்லை. கடைசி வரைக்கும் அவளை ஒருத்தரும் தேடலை" என்றாள் அம்மா.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு அக்கா என்னைக் கூப்பிடலை. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் நாலு நாள் அழுது கூட்டிட்டுப் போக வெச்சேன். டைப்ரைட்டிங்கை நிறுத்திடுவீங்கன்னு பயந்து பொய் சொன்னேன்."

அப்பா கையைக் கழுவ எழுந்துபோனார். அம்மாவுக்கு இது புதுச் செய்தியாகத் தெரியவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறுநாள் நான் ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். காலையில் அம்மா அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு வாழைப் பக்கம் போனபோது அப்பா குறுக்கே வந்தார். "இங்கே கொடு" என்று வாங்கி, தானே பழைய பானையைத் தேடி எடுத்து அதில் ஊற்றினார். காய்கறித் தோல், கஞ்சி எல்லாம் சேரும்வரை காத்திருந்தார். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு, வேட்டியெல்லாம் நனைய, பின்தெருவுக்கு நடந்தார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன்.

"இன்னா சார், நீங்க தூக்கினு வரீங்க!" என்று அக்கா பதறி ஓடிவந்தாள்.

"மாட்டுக்கு" என்றார் அப்பா. பானையை இறக்கி வைத்தார். பிறகு, "நான் விசாரிக்காம பேசிட்டேன்மா. தப்பு என்னுது" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு அக்கா காலிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தேன். "சர்தான் வுடு பாப்பா" என்றாள். திங்கட்கிழமை. அம்மா ஏற்கெனவே படிக்கு எதிரே முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முறம் நிறைய அரிசி.

"உட்காரு" என்றாள் அக்காவிடம். "அந்தப் பாம்புப் படத்துக்கு அடுத்த வாரம் என்ன படம் பார்த்தே? அதிலேருந்து சொல்லு."